பத்திரம் இல்லாத ஊரில் வீடு வாங்குதல்: கையொப்பத்திற்கு முன் அறிய வேண்டியவை

வீடு வாங்கிய தமிழர் பலர் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பத்திரம் எப்போது கைக்கு வரும்?" தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பத்திரம் என்பார், யாழ்ப்பாணத்தவர் உறுதி என்பார். சொல் வேறாயினும் கவலை ஒன்றே. வாழ்நாள் உழைப்பைக் கொடுத்துவிட்டு, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட ஒரு தாள்கூட இல்லையா என்பதே அக்கவலை. விடை சுருக்கமானது: வராது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2021 அக்டோபர் 11 முதல் காகித உரிமைச் சான்றிதழ்கள் அனைத்தும் சட்டப்படி செல்லாதவையாக்கப்பட்டன. அதற்கு முன் வழங்கப்பட்டு, எவர் வீட்டிலேனும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் சான்றிதழ் இன்று ஒரு நினைவுப் பொருள் மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ளாமல் இங்கு வீடு வாங்கும் முறையைப் புரிந்துகொள்ள இயலாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

பதிவேடே உரிமை

ஊரில் நிலம் வாங்குவோர் தாய்ப்பத்திரம் தொடங்கி அடுத்தடுத்த பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, வில்லங்கச் சான்றிதழ் பெற்று, பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்ப்பர். இலங்கையில் நொத்தாரிசு எழுதிய உறுதிகளைப் பின்னோக்கித் தேடுவர். இரண்டிடத்திலும் பதிவு செய்யப்படுவது ஆவணமே. அந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாயினும் அதற்குப் பின் வந்தவை அனைத்தும் ஆட்டங்காணும்.

ஆஸ்திரேலியாவின் முறை வேறு. ராபர்ட் டாரன்ஸ் என்பவரின் முயற்சியால் 1858 இல் தென் ஆஸ்திரேலியாவில் இயற்றப்பட்ட சட்டம், கப்பல்களின் உடைமை பதிவேட்டில் எழுதப்படுவதைப் போல நிலத்தின் உடைமையையும் ஒரே பதிவேட்டில் எழுத வழிசெய்தது. சில ஆண்டுகளில் நியூ சவுத் வேல்சும் அதனை ஏற்றது. இம்முறையில் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அப்பதிவின் உண்மைக்கு அரசே பொறுப்பு. பதிவேட்டை நம்பி, தம் தவறு ஏதுமின்றி இழப்புற்றவர் இழப்பீடு கோருவதற்கெனத் தனி நிதியும் உண்டு. உங்கள் வழக்கறிஞர் எடுத்துத் தரும் ஓரிரு பக்கத் தேடல் நகலில் உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், பிறர் எழுப்பிய ஆட்சேபம், பாதை உரிமைகள் ஆகியவை அடங்கிவிடும். முப்பது ஆண்டு வில்லங்கம் பார்க்க வேண்டியதில்லை.

இந்த எளிமையே நம்மவர் சிலரை அயரச் செய்கிறது என்பது என் கருத்து. உரிமை யாருடையது என்பதற்கு அரசு உறுதியளிக்கிறது. சுவர் உறுதியானதா, கூரை ஒழுகுமா, பின்கட்டு அனுமதி பெற்றதா, அடுத்த மனையில் பல மாடிக் கட்டடம் எழுமா என்பவற்றுக்கு எவரும் உறுதியளிப்பதில்லை. அவற்றை ஆராய்ந்தறிவது வாங்குபவர் பொறுப்பு. ஊரில் நாம் பத்திரத்தை ஆராயச் செலவிட்ட உழைப்பை இங்கு கட்டடத்தையும் ஒப்பந்தத்தையும் ஆராயச் செலவிட வேண்டும்.

ஒப்பந்தம் எழுதியவர் விற்பவரின் வழக்கறிஞர்

இம்மாநிலத்தில் விற்பனை ஒப்பந்தம் தயாராகாமல் குடியிருப்பு ஒன்றை விற்பனைக்கு விளம்பரம் செய்யக்கூடாது. எனவே வீட்டை முதன்முறை பார்க்கும் நாளிலேயே ஒப்பந்தத்தின் படியைக் கேட்டுப் பெறலாம், கேளுங்கள். உரிமைத் தேடல், நில வரைபடம், கழிவுநீர்க் குழாய் வரைபடம், நகரசபை வழங்கிய திட்டமிடல் சான்றிதழ் ஆகியவை அதில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். நீச்சல் குளம் இருந்தால் அதற்கான சான்றிதழும் வேண்டும்.

விற்பனை முகவர் எத்துணை அன்பாகப் பேசினும், தமிழிலேயே பேசினும், அவர் விற்பவரின் முகவர். அவருக்கு ஊதியம் தருபவரும் விற்பவரே. விற்கும் விலை உயர்ந்தால் விற்பவருக்கு நன்மை, உங்களுக்கு அன்று. ஆகவே அவர் பரிந்துரைக்கும் வழக்கறிஞரையோ கட்டட ஆய்வாளரையோ அமர்த்தாமல், நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நன்று. எளிய விற்பனைக்கு உரிமம் பெற்ற கன்வேயன்சர் போதும். குடும்பத்தில் பலர் பணம் போடுகின்றனர், நம்பிக்கைச் சொத்து அல்லது நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுகிறது என்றால் வழக்கறிஞரே தகுந்தவர்.

தனிப்பட்ட பேச்சின் வழி வாங்கும்போது, இரு தரப்பாரும் கையொப்பமிட்ட ஒப்பந்தப் படிகளைப் பரிமாறிக்கொண்ட பின்னர் ஐந்து வேலை நாட்கள் மீள்சிந்தனைக் காலமாகும். ஐந்தாம் வேலை நாள் மாலை 5 மணிக்குள் வாங்குபவர் விலகலாம்; விலகினால் விலையில் 0.25 விழுக்காட்டை இழப்பார். 12 இலட்சம் டாலர் வீட்டுக்கு அது 3,000 டாலர். பெருந்தொகையன்று, ஆயினும் சிறு தொகையுமன்று. கட்டடம் எழுமுன் வரைபடத்தைக் கண்டு வாங்கும் குடியிருப்புகளுக்கு இக்காலம் பத்து வேலை நாட்கள்.

இரண்டு இடங்களில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒன்று, ஏலம். மற்றொன்று, 66டபிள்யூ எனப்படும் சான்றிதழில் உங்கள் வழக்கறிஞர் கையொப்பமிட்டு இக்காலத்தைத் துறந்துவிடுவது. "வேறொருவர் தயாராக இருக்கிறார், இன்றே 66டபிள்யூ கொடுத்தால் வீடு உங்களுக்கு" என்று முகவர் அவசரப்படுத்துவதுண்டு. கடன் ஒப்புதல் எழுத்தில் வராமலும் ஆய்வறிக்கை கைக்கு வராமலும் அதற்கு இணங்குவது, பத்து விழுக்காட்டு முற்பணத்தைப் பணயம் வைப்பதாகும். வங்கி பின்னர் மறுத்தால் அது விற்பவரின் சிக்கல் அன்று.

ஏலத்தைப் பற்றிச் சில சொற்கள். ஸ்ட்ராத்ஃபீல்டின் தனி வீடுகளில் பல சனிக்கிழமை ஏலங்களில் கைமாறுகின்றன. சுத்தியல் விழுந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. அங்கேயே கையொப்பமும் முற்பணமும். உரிய விலை வராமல் ஏலம் நின்றுபோய், அதே நாளில் பேரம் பேசி வாங்கினாலும் மீள்சிந்தனைக் காலம் கிடையாது. பலர் அறியாத விதி இது. விற்பவர் தரப்பில் ஒரேயொரு கேள்வி விலை மட்டும் கேட்கலாம். அது விற்பவருடையது என ஏலம் நடத்துபவர் அறிவிக்கவும் வேண்டும். முகவர் விளம்பரத்தில் விலை வரம்பு குறிப்பிட்டால் மேல் எல்லை கீழ் எல்லையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. தம் மதிப்பீட்டைவிடக் குறைந்த விலையைக் காட்டி ஆட்களைக் கூட்டுவதும் குற்றம். இருப்பினும் விளம்பர விலையை நம்பாமல், அண்மையில் அதே தெருவில் விற்ற வீடுகளின் விலையைப் பாருங்கள். உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி, ஏலத்திற்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் நிற்கும்போது அடுத்த பத்தாயிரம் சிறிதாகவே தோன்றும்.

அடுக்குமாடி: வாங்குவது நான்கு சுவர்களை மட்டுமன்று

நம்மவரில் பலர் முதலில் வாங்குவது ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ், ஹோம்புஷ் வெஸ்ட் ரயில் நிலையங்களின் அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளையே. ஸ்ட்ராட்டா எனப்படும் இம்முறையில் உங்கள் குடியிருப்போடு, பொதுச் சுவர், கூரை, மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றின் பொறுப்பில் ஒரு பங்கும் உங்களைச் சேர்கிறது. உரிமையாளர் அனைவரும் சட்டப்படி ஒரு கழகமாகின்றனர். அக்கழகத்தின் கடன் உங்கள் கடனுமாகும்.

இதன் பொருளைச் சிட்னி மக்கள் கண்முன் கண்டனர். 2018 டிசம்பர் 24 அன்று, இங்கிருந்து சிறு தொலைவிலுள்ள சிட்னி ஒலிம்பிக் பார்க்கில், 392 குடியிருப்புகள் கொண்ட ஓபல் டவர் என்னும் புதிய கோபுரத்தில் விரிசல் கண்டது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மாஸ்கட் டவர்ஸ் குடியிருப்பில் 132 வீடுகளிலிருந்தோர் வெளியேறினர். பின்னதே நமக்குக் கூடுதல் பாடம். அது 2008 இல் கட்டப்பட்டது, பத்தாண்டுகள் கடந்திருந்தன. பெரும் குறைபாடுகளுக்கான சட்டப்பூர்வ உத்தரவாதம் ஆறு ஆண்டுகள், பிற குறைபாடுகளுக்கு இரண்டே ஆண்டுகள். காலம் கடந்தபின் சீரமைப்புச் செலவு உரிமையாளர் தலையில் விழுந்தது. குடியிருக்க இயலாத வீட்டுக்கு வங்கித் தவணையும் கட்டி, வேறிடத்தில் வாடகையும் கொடுத்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அதன் பின்னர் மாநில அரசு கட்டட ஆணையர் பதவியை உருவாக்கியது. 2020 இல் இயற்றப்பட்ட சட்டங்கள் இரண்டு: ஒன்று, பெரும் குறைபாடுள்ள புதிய கட்டடத்திற்குக் குடியேற்றச் சான்றிதழ் வழங்கப்படுவதைத் தடுக்கும் அதிகாரம் தந்தது, மற்றொன்று, வடிவமைத்தவரும் கட்டியவரும் பின்னர் வாங்குபவர்க்கும் கவனக் கடமை உடையவர் என்று நிறுவியது. இவை நற்சட்டங்கள். ஆயினும் கட்டிய நிறுவனம் கலைந்துபோயிருந்தால் வழக்கில் வென்றும் பயன் சிறிதே.

ஆகவே அடுக்குமாடி வாங்குவோர் ஸ்ட்ராட்டா ஆய்வறிக்கை இன்றிக் கையொப்பமிடலாகாது. சில நூறு டாலர் செலவில், கழகத்தின் கணக்குகளையும் கூட்டக் குறிப்புகளையும் ஒருவர் உங்களுக்காகப் படித்துத் தருவார். அறிக்கையை வாங்கி மூடி வைக்காமல் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளை நீங்களும் படியுங்கள். நீர்க்கசிவு என்ற சொல் ஆண்டுதோறும் வருகிறதா? தீயணைப்பு ஏற்பாடு குறித்து நகரசபையிலிருந்து உத்தரவு வந்துள்ளதா? எளிதில் தீப்பற்றும் வெளிப்பூச்சுப் பலகைகள் பற்றிய பேச்சு உண்டா? மூலதனப் பணிகள் நிதியில் எவ்வளவு இருக்கிறது? காலாண்டுக் கட்டணம் குறைவாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதாகத் தோன்றும். பல கட்டடங்களில் அது, செய்ய வேண்டிய வேலை தள்ளிப்போடப்பட்டதன் அடையாளம். தள்ளிப்போட்ட செலவு சிறப்புக் கட்டணமாக ஒருநாள் வரும். அன்று உரிமையாளராக இருப்பவர் அதைச் செலுத்துவார்.

தனி வீடும் நகரசபை ஆவணங்களும்

தனி வீட்டுக்குக் கட்டட ஆய்வும் கறையான் ஆய்வும் இன்றியமையாதவை. 1980களின் இறுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. சுவரை உடைத்துச் சமையலறையைப் பெரிதாக்க எண்ணுவோர் அதைக் கணக்கிற்கொள்ள வேண்டும்.

திட்டமிடல் சான்றிதழை முகவரிகூடப் பார்க்காமல் புரட்டிவிடுவோர் பலர். அந்நிலம் எந்த மண்டலத்தில் உள்ளது, மரபுக் காப்புப் பகுதியா, வெள்ளக் கட்டுப்பாடுகள் உண்டா, சாலை விரிவுக்கு ஒதுக்கப்பட்டதா என்பன அதில் உள்ளன. குக்ஸ் ஆறு இந்நகரசபை எல்லையினூடே செல்கிறது. வெயிற்காலத்தில் வெறும் சிமெண்டுக் கால்வாய் போலத் தெரியும் இடத்தருகே வாங்குவோர் வெள்ளம் குறித்த வரிகளைத் தவறவிடலாகாது. காப்பீட்டுக் கட்டணத்தையும் ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்டறிவது நன்று. ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தியான குடியிருப்புக்கு வழிவிடும் மாநில அரசின் திட்டத்தில் ஹோம்புஷ் வட்டாரமும் சேர்க்கப்பட்டது. இன்று வெயில் விழும் உங்கள் முற்றத்தில் நாளை நிழல் விழக்கூடும். அதே மாற்றம் சில மனைகளின் விலையையும் உயர்த்தக்கூடும். எதிர்பார்ப்பை விலையில் சேர்த்துக் கேட்கும் விற்பவரிடம், மண்டல வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பின்கட்டில் ஒரு சிறு வீடு இருப்பது நம்மவர்க்குப் பெரிதும் பிடிக்கும்: பெற்றோர் தங்கலாம், வாடகைக்கும் விடலாம். மாநில விதிகளின்படி, பொதுவாக 450 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் 60 சதுர மீட்டர் வரையிலான துணை வீட்டை விரைவு ஒப்புதல் முறையில் கட்டலாம். ஆனால் நீங்கள் காணும் பின்கட்டு ஒப்புதல் பெற்றதா, அல்லது வாகனக் கொட்டகையில் குளியலறை சேர்த்து உருவாக்கியதா என்பதை நகரசபைப் பதிவுகளில் தேடி அறிய வேண்டும். ஒப்புதல் இல்லாதது என்றால், உரிமை மாறிய பின் அதை இடிக்கவோ சீராக்கவோ வரும் உத்தரவு உங்களுக்கே வரும்.

யார் பெயரில்?

குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசாமலே வாங்கிவிடுகின்றன. பின்னர் சட்டச் சிக்கல்களில் பெரும்பகுதி இதிலிருந்தே எழுகிறது. இருவர் சேர்ந்து வாங்கும்போது இரு வழிகள் உண்டு. கூட்டு உரிமையில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாகவே மற்றவரைச் சேரும். உயில் அதைத் தடுக்காது. பங்கு உரிமையில் ஒவ்வொருவர் பங்கும் தனித்தது, உயிலின்படி செல்லும். கணவன் மனைவிக்கு முன்னது இயல்பு. அண்ணன் தம்பியோ நண்பர்களோ வாங்கினால் பின்னதே ஏற்றது.

ஊரில் நிலத்தை விற்றுப் பெற்றோர் அனுப்பிய பணம் அன்பளிப்பா, கடனா? எழுத்தில் வைக்க நம் பண்பாடு கூசுகிறது. மகனின் மணவாழ்வு முறிந்து, குடும்ப நீதிமன்றம் அக்கேள்வியைக் கேட்கும் நாளில் வாய்மொழிக்கு வலிமை குறைவு. ஒரு பக்கக் கடன் ஆவணம் எவரையும் அவமதிப்பதாகாது.

முதல் வீடு வாங்குவோர்க்கு 8 இலட்சம் டாலர் வரை முத்திரைத் தீர்வை முழுவதும் விலக்கு. 10 இலட்சத்திற்குக் கீழ் வரை சலுகை. ஊரிலுள்ள வீடு இதற்குத் தடையன்று. ஆஸ்திரேலியாவில் நீங்களோ துணைவரோ முன்பு குடியிருப்புச் சொத்து வைத்திருக்கக்கூடாது என்பதே விதி. ஓராண்டுக்குள் குடிபுகுந்து, தொடர்ந்து 12 மாதங்கள் வாழவும் வேண்டும். "இருக்கட்டும்" என்று பிள்ளையின் பெயரையும் உங்கள் வீட்டில் சேர்த்தால், பிற்காலத்தில் அப்பிள்ளை இச்சலுகையை இழக்க நேரும். சலுகை இல்லாதோர் 12 இலட்சம் டாலர் வீட்டுக்குச் செலுத்தும் தீர்வை 50,000 டாலரை நெருங்கும்; முற்பணத்தோடு இதையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

நிரந்தர வதிவுரிமை பெற்றோர் மற்றொன்றையும் கவனிக்க. குடியுரிமை பெறாத ஒருவர் ஒப்பந்தத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 200 நாட்களேனும் ஆஸ்திரேலியாவில் இல்லாவிடில், அவர் அயலாராகக் கருதப்பட்டு மேல்வரி விதிக்கப்படலாம். 2025 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. தாயாரின் நோய்க்காக ஆறு மாதம் ஊரில் தங்கித் திரும்பியவர் உடனே வீடு வாங்கினால் இவ்விதியில் சிக்கக்கூடும். நாட்களை எண்ணி, வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோரின் பெயரைச் சேர்ப்பதோ இன்னும் கடினம்: 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, அயலார் ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை வாங்க மத்திய அரசு தடை விதித்துள்ளது.

முதலீடாக வாங்குவோர்க்கு

வாடகை வருமானத்தை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குகளைக் கண்டிருக்கிறேன். ஸ்ட்ராட்டா கட்டணம், நகரசபை வரி, நீர்க் கட்டணம், முகவர் ஊதியம், வீடு காலியாகக் கிடக்கும் வாரங்கள், பழுது ஆகியவற்றைக் கழித்த பின்பே வட்டியோடு ஒப்பிட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு நிலவரி இல்லை. முதலீட்டு நிலங்களின் மொத்த மதிப்பு வரம்பைத் தாண்டினால் உண்டு. அவ்வரம்பு 2024 முதல் 1,075,000 டாலரில் நிறுத்தப்பட்டிருக்க, நில மதிப்போ நிற்பதில்லை. வாடகையை 12 மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்த இயலாது. 2025 மே 19 முதல் காரணமின்றிக் குடியிருப்போரை வெளியேற்றவும் இயலாது. சில ஆண்டுகளில் மகளுக்கு வேண்டும் என்று வாங்குவோர் இதை மனத்திற்கொள்க. வருமானவரிச் சலுகைகளை எண்ணி மட்டும் எவரும் நட்டத்தில் ஓடும் வீட்டை வாங்க வேண்டாம். சலுகை என்பது இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதே.

இறுதி நாட்கள்

ஒப்பந்தத்திலிருந்து உரிமை கைமாறும் நாள் வரை வழக்கமாக ஆறு வாரங்கள். கைமாற்றம் இப்போது மின்வழியே நடைபெறுகிறது. இந்நாட்களில் வழக்கறிஞரிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சலில், "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு அனுப்பவும்" என்று வந்தால் அனுப்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்த பின்பே அனுப்புங்கள். அனுப்பிய பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை.

கைமாறுமுன் வீட்டை மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுப்பு எரிகிறதா, ஒப்பந்தத்தில் கண்ட பொருட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்திரத்திற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது, பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதைக் காட்டும் தேடல் நகல். அதை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. சட்ட ஆலோசனை அன்று. வரம்புகளும் விகிதங்களும் மாறக்கூடியவை; வாங்கும் நாளில் உள்ளதைச் சரிபார்க்கவும். முகவர்களின் நடத்தை குறித்த முறையீடுகளுக்கு நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தை 13 32 20 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்னும் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும். உரைபெயர்ப்பாளர் வந்தபின் வேண்டிய அலுவலகத்தின் எண்ணைச் சொல்லி இணைக்கக் கேளுங்கள். வழக்கறிஞரைச் சந்திக்கும்போது, வீட்டுப் பிள்ளையை உரைபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டாம். அவ்வீட்டில் அப்பிள்ளைக்கும் ஒரு நலன் இருக்கக்கூடும்.